ஈயமில்லா சோல்டரில் செய்த போர்டு 20 ஆண்டு உழைக்குமா?

கேள்வி: கோவைக்கு அருகே சிறு தொழிற்கூடம் நடத்துகிறோம். நீர்மூழ்கி மோட்டார்களுக்கும் கழிவுநீர் பம்புகளுக்கும் கட்டுப்பாட்டு போர்டு செய்து தருகிறோம். இதுவரை வெள்ளீயமும் ஈயமும் 60/40 விகிதத்தில் கலந்த கம்பியும், 63/37 விகிதத்தில் உருக்கிய சோல்டர் தொட்டியான பாத்தும்தான் பயன்படுத்தினோம். இப்போது ஜெர்மனியிலிருந்து ஒரு பம்ப் கம்பெனி எங்கள் போர்டை வாங்க முன்வந்திருக்கிறது. மின்னணுச் சாதனங்களில் தீங்கான பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பாவின் ரோஸ் விதிப்படி ஈயம் இருக்கக்கூடாது, போர்டு 20 ஆண்டு உழைக்க வேண்டும் என்று இரண்டையும் சேர்த்தே கேட்கிறார்கள். எங்கள் மூத்த டெக்னீஷியன், "ஈயம் இல்லாத சோல்டர் அஞ்சு வருஷத்துல விட்டுடும். அதனாலதான் ராணுவத்துக்கும் சாட்டிலைட்டுக்கும் இன்னும் ஈயம் போடறாங்க" என்கிறார். மொத்த போர்டில் ஈயம் கொஞ்சம்தானே, விதி அனுமதிக்கும் 0.1 சதவீதத்துக்குள் அடங்காதா? உள்ளூருக்கு ஈயத்திலும் ஏற்றுமதிக்கு ஈயமில்லாமலும் செய்யலாமா? ரிப்பேருக்கு வரும் பழைய போர்டுகளை என்ன செய்வது?

பதில்: வணக்கம். முதலில் அந்த 0.1 சதவீதக் கணக்கை முடித்துவிடுவோம். முழு போர்டின் எடையில் 0.1 சதவீதம் என்று விதி சொல்லவில்லை. மேற்கொண்டு பிரித்தெடுக்க முடியாத, ஒரே சீரான பொருள் ஒவ்வொன்றுக்கும் அந்த வரம்பு தனித்தனியாகப் பொருந்தும். ஒரு சோல்டர் இணைப்பு ஒரு பொருள். ரெசிஸ்டர் காலின் மேல்பூச்சு இன்னொன்று. ஒயரின் பிளாஸ்டிக் உறை வேறொன்று. ஆகவே 63/37-இல் ஒரே ஓர் இணைப்பு இருந்தாலும் அந்த இணைப்பில் ஈயம் 37 சதவீதம், போர்டு தேறாது. எடைக் கணக்கில் பார்த்தாலும் தப்ப முடியாது. 250 கிராம் போர்டில் 6 கிராம் சோல்டர் இருந்தால் ஈயம் 2.2 கிராம், ஏறக்குறைய 0.9 சதவீதம்.

உங்கள் பொருள் விதிக்குள் வருமா என்பதிலும் சந்தேகம் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் முதல் ரோஸ் விதி 2006 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தபோது தொழிற்சாலைக் கருவிகள் வெளியே இருந்தன. 2011-இல் விதி திருத்தி எழுதப்பட்டது. அதன்படி தொழிற்சாலைக் கண்காணிப்பு, கட்டுப்பாட்டுக் கருவிகள் 2017 ஜூலை 22 முதலும், முன்பு எந்தப் பட்டியலிலும் இல்லாத மீதிச் சாதனங்கள் 2019 ஜூலை 22 முதலும் உள்ளே வந்துவிட்டன. ராணுவம், விண்வெளி, போக்குவரத்து வாகனங்கள், பெரிய நிலையான ஆலை நிறுவல்கள் போன்றவைதான் இன்றும் வெளியே நிற்கின்றன. கடையில் எவரும் வாங்கிப் பொருத்தும் பம்புக்கான போர்டை "பெரிய நிறுவல்" என்ற வாசல் வழியாக விதிக்கு வெளியே கொண்டுபோக முடியாது. வாடிக்கையாளரே அப்படி யோசனை சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஈயமில்லா போர்டு என்று சொல்லப்படுவதிலும் சட்டப்படியே கொஞ்சம் ஈயம் இருக்கும் என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பவர் டயோடின் உள்ளே சிப்பை ஒட்டும் 85 சதவீதத்துக்கு மேல் ஈயமுள்ள உயர்வெப்ப சோல்டர், சிப் ரெசிஸ்டரின் கண்ணாடிப் பூச்சு, 4 சதவீதம் வரை ஈயம் கலந்த பித்தளை டெர்மினல் ஆகியவற்றுக்கெல்லாம் தனித்தனி விலக்கு எண்கள் உள்ளன. அவற்றின் காலக்கெடு புதுப்பிக்கப்பட்டுக்கொண்டும் மாறிக்கொண்டும் இருக்கும். உதிரிபாகம் தருபவரிடம் வெறுமனே "ரோஸ் ஓகே" என்ற தாளை வாங்காதீர்கள். எந்த விலக்கின்கீழ் என்று எண்ணோடு எழுதி வாங்குங்கள். ஈயம் 2018 ஜூன் முதல் ஐரோப்பாவின் ரீச் விதியின் கவலைக்குரிய பொருள்கள் பட்டியலிலும் இருக்கிறது. அதனால் ஜெர்மனிக்காரர் அந்தப் பித்தளை டெர்மினலைப் பற்றித் தனியாகக் கேட்பார்.

இனி உங்கள் டெக்னீஷியன் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி உண்மை. ஆனால் ஆபத்து சோல்டர் கம்பியில் இருப்பதாக அவர் நினைக்கிறார். பெரும்பகுதி ஆபத்து உதிரிபாகங்களின் கால்களில் இருக்கிறது.

சுத்த வெள்ளீயப் பூச்சில் காலப்போக்கில் மீசை முளைக்கும். பூச்சுக்கு அடியிலுள்ள செம்பு வெள்ளீயத்தின் படிக எல்லைகளுக்குள் புகுந்து செம்பு-வெள்ளீயச் சேர்மமாக வளர்கிறது. அந்த அழுத்தம் தாங்காமல் சில மைக்ரான் தடிமனுள்ள இழைகள் வெளியே தள்ளப்படுகின்றன. இதற்கு மின்னழுத்தமும் வேண்டாம், ஈரமும் வேண்டாம், பெட்டியில் சும்மா கிடந்தாலும் வளரும். பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்குள் நின்றுவிடும், 10 மில்லிமீட்டரைத் தாண்டியவையும் பதிவாகியிருக்கின்றன. பூச்சில் 3 சதவீத அளவுக்கு ஈயம் கலந்தாலே இந்த வளர்ச்சி வெகுவாக அடங்கிவிடும். ராணுவமும் விண்வெளித் துறையும் ஈயத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க முக்கியக் காரணம் இதுதான். 1998 மே மாதம் கேலக்ஸி 4 செயற்கைக்கோள் செயலிழந்து அமெரிக்காவில் பெரும்பாலான பேஜர்கள் ஊமையாயின. வெள்ளீயம் பூசிய ரிலேயில் வளர்ந்த மீசையே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. 2005 ஏப்ரலில் கனெக்டிகட் மாநிலத்தின் மில்ஸ்டோன் அணுமின் நிலையத்தில் ஒரு டயோடு காலில் முளைத்த மீசை பாதுகாப்புச் சுற்றைக் குறுக்கிணைத்து, உலையையே நிறுத்திவிட்டது.

இந்த இரண்டும் நடந்தபோது ரோஸ் விதி நடைமுறையிலேயே இல்லை. மீசை பழைய வியாதி. விதி செய்த மாற்றம், அதுவரை சில உதிரிபாகங்களில் மட்டும் இருந்த சுத்த வெள்ளீயப் பூச்சைச் சந்தையிலுள்ள எல்லா உதிரிபாகங்களுக்கும் கொண்டுவந்ததுதான். இன்று நீங்கள் 60/40 கம்பியால் பற்றவைக்கும் ஐசியின் காலிலும் இருப்பது சுத்த வெள்ளீயமே. சோல்டர் நனைத்த அடிப்பகுதி மட்டும் ஈயக் கலவையாக மாறும், காலின் மேல்பகுதி அப்படியே இருக்கும். எனவே ஈயக் கம்பியை விடாமல் வைத்திருந்தால் 1990-களின் போர்டு திரும்பக் கிடைத்துவிடும் என்று நம்ப வேண்டாம்.

"அஞ்சு வருஷம்" என்ற பேச்சு பரவியதில் எக்ஸ்பாக்ஸ் 360 என்ற வீடியோ கேம் கருவிக்கும் பங்குண்டு. 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அதன் உத்தரவாதத்தை 3 ஆண்டாக நீட்டி, 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்க நேர்ந்தது. ஊரெல்லாம் ஈயமில்லா சோல்டரைத் திட்டியது. முறிந்தவை போர்டின் மேலிருந்த இணைப்புகள் அல்ல, சிப் பொதியின் உள்ளே இருந்தவை என்று அந்த நிறுவனத்தாரே பின்னாளில் விளக்கினார்கள். ஆன்-ஆஃப் செய்யும்போது ஏறியிறங்கும் வெப்பம்தான் அவற்றை முறித்தது.

வெப்பம் ஏறியிறங்கும்போது சோல்டர் களைப்படைவது உண்மையான பிரச்சினைதான். ஆனால் அதில் ஈயமில்லாதது எப்போதும் தோற்பதில்லை. 96.5 வெள்ளீயம், 3 வெள்ளி, 0.5 செம்பு கொண்ட சாக் 305 கலவை, மிதமான ஏற்ற இறக்கத்தில் 63/37-ஐ விட அதிகச் சுழற்சி தாங்கும். கழித்தல் 55-இலிருந்து 125 டிகிரி வரை போய்வரும் கடுமையான நிலையிலும், பெரிய செராமிக் பாகங்களின் அடியிலும் அது முந்திக்கொண்டு விரிசல் விடும். அதற்கு இறுக்கம் அதிகம், 63/37 போல நெகிழ்ந்து கொடுக்காது. உங்கள் பேனலில் அதிகாலை 25, பிற்பகல் 65 என்று வைத்தால் ஏற்ற இறக்கம் 40 டிகிரி. இது மிதமான வகை. சாக் கலவை இங்கே உங்களுக்குச் சாதகமாகவே நடந்துகொள்ளும். அது உங்களைக் கைவிடக்கூடிய இடங்கள் சிலவே. 2512 என்ற பெரிய அளவு சிப் ரெசிஸ்டர் இருந்தால் அதை எடுத்துவிட்டு 1206 என்ற சிறிய அளவில் இரண்டு, மூன்றாகப் பிரித்துப் போடுங்கள். 1812-க்கு மேற்பட்ட செராமிக் கெப்பாசிட்டர் தவிர்க்க முடியாததானால் நெகிழ்முனை கொண்டதை வாங்குங்கள். அதை ஸ்க்ரூ துளையிலிருந்தும் போர்டை உடைத்துப் பிரிக்கும் வெட்டுக்கோட்டிலிருந்தும் தள்ளி, கோட்டுக்கு இணையாக வையுங்கள்.

டிரை சோல்டர் என்று நம் ஊரில் சொல்லும் வட்ட விரிசல் பெரும்பாலும் கலவையின் குற்றம் அல்ல. ஒருபக்கச் செம்பு மட்டுமுள்ள மலிவு போர்டில் ரிலே, டிரான்ஸ்ஃபார்மர், பெரிய டெர்மினல் பிளாக் ஆகியவற்றின் எடை முழுவதும் ஒரு வளைய இணைப்பில் தொங்குகிறது. பம்ப் அதிர்வு ஒரு பக்கம், சூடு ஒரு பக்கம். எந்தச் சோல்டராக இருந்தாலும் அங்கே வளையமாக வெடிக்கும். துளைக்குள் செம்பு பூசிய இருபக்க எஃப்ஆர்4 (கண்ணாடியிழை) போர்டுக்கு மாறுங்கள். கனமான பாகங்களை நியூட்ரல் கியூர் சிலிக்கானால் போர்டோடு ஒட்டிவிடுங்கள். வினிகர் வாடை அடிக்கும் சாதாரண சிலிக்கான் வேண்டாம், அதிலிருந்து வரும் அசிட்டிக் அமிலம் செம்பை அரிக்கும்.

போர்டுக்கு ஆர்டர் கொடுக்கும்போதே சில வரிகள் சேர்க்க வேண்டும். 63/37 183 டிகிரியில் உருகும், சாக் 305-க்கு 217 முதல் 220 வேண்டும். அந்தக் கூடுதல் வெப்பத்தில் போர்டு தடிமன் திசையில் விரிந்து துளையின் செம்புச் சுவரை இழுக்கிறது. போர்டின் பிசின் இளகத் தொடங்கும் கண்ணாடிநிலை மாறும் வெப்பம் குறைந்தது 150, முடிந்தால் 170. சிதையும் வெப்பம் 325-க்கு மேல். துளைச் சுவரில் செம்பு சராசரி 25 மைக்ரான். மின்னணுத் துறையின் ஐபிசி தரம் இரண்டாம் வகுப்புக்கு 20 போதும் என்கிறது, நீங்கள் மூன்றாம் வகுப்பின் 25-ஐயே கேளுங்கள். விலை வித்தியாசம் சிறிது, 20 ஆண்டில் கிடைக்கும் பலன் பெரிது. சரக்கு மழைக்காலத்தில் பிரித்துக் கிடந்தால், பாகம் ஏற்றுமுன் 120 டிகிரியில் 4 மணி நேரம் சுட்டெடுங்கள். இல்லையென்றால் உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகி அடுக்குகளைப் பிளக்கும். ஐசிகளுக்கும் இதே கவனம் வேண்டும். ஈர உணர்திறன் மூன்றாம் நிலை என்று உறையில் அச்சிட்டிருந்தால், பிரித்த பிறகு 30 டிகிரி, 60 சதவீத ஈரப்பதத்துக்குள் 168 மணி நேரமே அதன் கெடு.

மேற்பூச்சு விஷயத்தில் உங்களுக்கு மட்டும் தனி எச்சரிக்கை. ஈயம் பூசிய போர்டு போனபிறகு பலர் இம்மர்ஷன் சில்வர் என்ற மெல்லிய வெள்ளிப் பூச்சுக்கு மாறினார்கள். தட்டையானது, மலிவானது, நன்றாகப் பற்றும். ரப்பர் ஆலை, காகித ஆலை போன்ற கந்தகக் காற்றுள்ள இடங்களில் அந்தப் போர்டுகள் சீக்கிரமே பழுதாயின. வெள்ளியும் அடியிலுள்ள செம்பும் சல்பைடாகி, கறுப்பாக ஊர்ந்து பக்கத்துத் தடத்தைத் தொட்டன. கழிவுநீர்க் கிணற்றின் மேலே ஹைட்ரஜன் சல்பைடு வாடை இருந்துகொண்டே இருக்கும், ஆகவே இம்மர்ஷன் சில்வர் வேண்டவே வேண்டாம். நிக்கல்-செம்பு-வெள்ளீயக் கலவையில் செய்த ஈயமில்லா ஹாட் ஏர் லெவலிங் (உருகிய சோல்டரில் முக்கிச் சூடான காற்றால் சமன்செய்யும் பூச்சு) அல்லது நிக்கல்மேல் தங்கம் பூசிய எனிக், இரண்டில் ஒன்று. சாதாரணச் சிப் ரெசிஸ்டரின் உள்முனையிலும் வெள்ளி இருக்கிறது. கந்தகம் அதை அரித்தால் ரெசிஸ்டன்ஸ் ஏறிக்கொண்டே போய் ஒருநாள் ஓபன் ஆகும். கந்தகம் தாங்கும் வகை ரெசிஸ்டர் தனியாகக் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். போர்டின் மேல் பூசும் பாதுகாப்புப் பூச்சு சிலிக்கானாக இருந்தால் கந்தக வாயு அதன் வழியாகப் புகுந்துவிடும். அக்ரிலிக் அல்லது யூரித்தேன் போடுங்கள்.

அந்தப் பூச்சுதான் மீசைக்கும் உங்கள் முதல் காவல். 30 முதல் 130 மைக்ரான் வரை தடிமன் இருக்கலாம், 50-க்குக் குறையாமல் வையுங்கள். மீசை முளைப்பதை அது தடுக்காது. உள்ளே முளைத்தது வெளியே துளைத்து வரவும், வெளியே ஒடிந்து விழுந்தது இன்னொரு காலைத் தொடவும் விடாது, அவ்வளவே. ஐசி கால்களின் ஓரமும் நுனியும்தான் பூச்சு மெலியும் இடம். புற ஊதா விளக்கில் ஒளிரும் வகையை வாங்கி, விளக்கடியில் அங்கே பாருங்கள். பாகம் தேர்ந்தெடுக்கும்போதே பாதி வேலை முடிந்துவிடும். நிக்கல்-பல்லேடியம்-தங்கம் பூசிய கால் கிடைத்தால் அதையே எடுங்கள். அது இல்லையென்றால் நிக்கல் அடிப்பூச்சின் மேல் மங்கல் வெள்ளீயம். செம்பின்மேல் நேரடியாகப் பூசியிருந்தால், பூசிய 24 மணி நேரத்துக்குள் 150 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டது. பளபளப்பான வெள்ளீயப் பூச்சை மறுத்துவிடுங்கள், மீசைக்கு அதைவிட வசதியான இடம் இல்லை. துத்தநாகம் மின்பூச்சு செய்த இரும்புப் பெட்டியிலும் மீசை முளைக்கும், அது பலருக்குத் தெரிவதில்லை. உங்கள் போர்டில் மீசை அதிகம் படுத்தக்கூடியது மோட்டார்ப் பக்கம் அல்ல. அங்கே ஓடும் மின்னோட்டம் அந்த இழையை எரித்துவிடும். நீர்மட்ட உணரி வந்து சேரும் உயர்மின்தடை உள்ளீட்டில் சில மைக்ரோஆம்பியர் கசிந்தாலே தொட்டி நிறைந்ததாகத் தவறான செய்தி வரும். அந்தத் தடங்களுக்கு இடைவெளி கூட்டுங்கள்.

பற்றவைக்கும் மேசையில் மாறவேண்டியவை: 63/37-க்கு முனை வெப்பம் 320 முதல் 340 வைத்திருப்பீர்கள். ஈயமில்லாததற்கு 350 முதல் 370 போதும். வேலை மெதுவாகிறது என்று 420-க்கு ஏற்றுவதுதான் எங்கும் நடக்கும் தவறு. ஃப்ளக்ஸ் கருகும், பேட் கிளம்பும், டிப் சில வாரத்தில் ஓட்டையாகும். வெப்பத்தை ஏற்றுவதற்குப் பதில் தட்டையான அகல டிப்புக்கு மாறுங்கள், 2.4 மில்லிமீட்டர் பெரும்பாலான கால்களுக்குச் சரிவரும். ஓர் இணைப்புக்கு 2 முதல் 4 விநாடி. தடித்த கிரவுண்டு தளம் சூட்டை உறிஞ்சினால் போர்டை அடியிலிருந்து 100 முதல் 120 டிகிரிக்கு முன்சூடு செய்யுங்கள். கம்பியில் ஃப்ளக்ஸ் 2 முதல் 3 சதவீதம் இருக்கட்டும். வெள்ளீயம் மிகுந்த சோல்டர் டிப்பின் இரும்புப் பூச்சைத் தின்னும், ஆகவே அணைக்கும்போது டிப்பில் சோல்டர் தடவியே வையுங்கள். ஃப்ளக்ஸ் புகை முன்பைவிட அதிகம் வரும். ஆஸ்துமாவைக் கிளப்புவது அந்த ரோசின் புகைதான், அயர்ன் வெப்பத்தில் ஈயம் ஆவியாவதில்லை. புகை உறிஞ்சியை இப்போதே மாட்டுங்கள்.

சாக் 305 இணைப்பு ஆறும்போது சொரசொரப்பாக, மங்கலாகத் தெரியும். பழைய கண்ணுக்கு அது டிரை சோல்டர் மாதிரி இருக்கும். டெக்னீஷியன் எல்லாவற்றையும் மறுபடி சூடாக்கத் தொடங்கினால் நல்ல இணைப்பைக் கெடுப்பார், பேட்டிலுள்ள செம்பும் கரையும். பளபளப்பைப் பார்க்காமல், சோல்டர் காலிலும் பேட்டிலும் சரிந்து ஒட்டியிருக்கிறதா, துளையில் குறைந்தது 75 சதவீதம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கப் பழக்குங்கள். மேற்பரப்பில் சிறு சுருக்கப் பிளவு இருந்து, அதன் அடி கண்ணுக்குத் தெரிந்தால், ஐபிசி 610 அதை ஏற்கிறது.

பாத் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். பழைய 63/37 பாத்தைக் கழுவி ஈயமில்லாததை ஊற்ற முடியாது. சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டியையும் இம்பெல்லரையும் சூடான வெள்ளீயம் அரித்துவிடும், டைட்டானியமோ தகுந்த பூச்சுள்ள வார்ப்பிரும்போ வேண்டும். பாத்துக்கு வெள்ளி இல்லாத, நிக்கல் சேர்த்த வெள்ளீய-செம்புக் கலவை உத்தமம். விலை குறைவு, செம்பைக் கரைப்பதும் குறைவு, இணைப்பும் பளபளக்கும். 227 டிகிரியில் உருகும், பாத் 255 முதல் 265 வரை இருக்கட்டும். 200 கிலோ பாத்தில் ஈய வரம்பு 200 கிராம். அதாவது யாரோ தெரியாமல் 63/37 பார் அரைக்கிலோவுக்குச் சற்று மேல் போட்டால் மொத்தப் பாத்தும் வீண். இரண்டு வகைப் பாரையும் ஒரே அறையில் வைக்காதீர்கள். மாதம் ஒருமுறை மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்புங்கள். செம்பு 1 சதவீதத்தை நெருங்கினால் ஊசிப் படிகங்கள் வரத் தொடங்கும், பால வடிவக் குறுக்கிணைப்பு கூடும். அப்போது கொஞ்சம் வெளியே எடுத்துவிட்டு, செம்பில்லாத பாரை ஊற்றி இறக்குங்கள்.

உள்ளூருக்கு ஒன்று, ஏற்றுமதிக்கு ஒன்று என்று இரண்டு வரிசை வைக்கலாமா என்றால், வைக்காதீர்கள் என்பதே என் ஆலோசனை. 2023 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள நம் நாட்டு மின்கழிவு விதிகளும் முதல் அட்டவணையிலுள்ள சாதனங்களுக்கு அதே 0.1 சதவீத வரம்பைத்தான் வைக்கின்றன. குறு நிறுவனங்களுக்கு விலக்கு இருக்கிறது, ஆனால் நீங்கள் வளர்ந்தால் அது போய்விடும். சட்டத்தைவிட நடைமுறைதான் பெரிய காரணம். ஒரே ஷெட்டில், அதே ஆட்களிடம், இரண்டு கம்பிச் சுருளும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். ஒரு ஷிப்டில் ஒருவர் மாற்றி எடுத்தால் போதும். ஜெர்மனியில் எக்ஸ்ரே ஒளிர்வுத் துப்பாக்கியை வைத்தால் சில விநாடியில் தெரிந்துவிடும், சரக்கு முழுவதும் திரும்பிவரும்.

ஈயக் கம்பிக்கு ஒரே ஓர் இடம் ஒதுக்குங்கள்: ரிப்பேர் மேசை. அதுவும் தனி அறையில், தனி அயர்ன், தனி டிப், தனி உறிஞ்சி, சிவப்பு டேப் ஒட்டிய கருவிகளோடு. மேலே சொன்ன தேதிகளுக்கு முன் ஐரோப்பியச் சந்தையில் விற்கப்பட்ட சாதனத்தைப் பழுதுபார்க்க ஈய சோல்டரும் ஈயமுள்ள உதிரிபாகமும் பயன்படுத்த விதியே அனுமதிக்கிறது. 63/37-இல் செய்த பழைய போர்டை 63/37-ஆலேயே சரிசெய்யுங்கள். அதில் மாற்றிப்போடும் புது ஐசியின் கால் சுத்த வெள்ளீயமாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் அடியில் பந்து வைத்த பிஜிஏ சிப் என்றால் கதை வேறு. புதுச் சிப்பின் பந்து சாக் கலவை, 63/37-க்குரிய 215 டிகிரியில் அது முழுதாக உருகாது, அரைகுறையாகக் கலந்த இணைப்பு சீக்கிரம் விடும். 235 வரை ஏற்றிப் பந்து முழுவதும் உருகிப் படிய வேண்டும், அல்லது பந்துகளை ஈயத்தில் மாற்றிவிட்டுப் பற்றவைக்க வேண்டும். இதைவிட மோசமான கலப்பு ஒன்று உண்டு. 138 டிகிரியில் உருகும் பிஸ்மத் சோல்டரில் செய்த போர்டில் ஈயக் கம்பியை வைத்தால், 96 டிகிரியிலேயே உருகும் ஒரு மும்மைக் கலவை இடையில் உருவாகும். பவர் டிரான்சிஸ்டருக்குப் பக்கத்தில் அது தானாகவே கழன்றுவிடும். போர்டில் அச்சிட்டிருக்கும் குறியைப் பாருங்கள்: இ1 வெள்ளி-செம்பு சேர்ந்த வெள்ளீயம், இ6 பிஸ்மத். உங்கள் புதுப் போர்டிலும் கலவைக் குறியை அச்சிடுங்கள். 2040-இல் அதைப் பிரிப்பவருக்கு உதவும்.

சோல்டரைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், உங்கள் போர்டு முதலில் சாகப்போவது பெரும்பாலும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரில்தான். 105 டிகிரி, 2000 மணி நேரம் என்று எழுதியது, 65 டிகிரியில் பத்து டிகிரிக்கு இருமடங்கு என்ற கணக்கில் 32,000 மணி நேரம் வரும். நாள் முழுவதும் மின்சாரம் இருக்கும் பேனலில் அது 4 ஆண்டுகூட இல்லை. டெக்னீஷியன் பார்த்த "அஞ்சு வருஷம்" இதுவாகவே இருக்கலாம். 10,000 மணி நேர வகையைப் போட்டு, ஹீட் சிங்கிலிருந்து தள்ளி, அந்த இடத்தை 55 டிகிரிக்கு இறக்கினால் கணக்குப்படி 36 ஆண்டு. ரப்பர் அடைப்பு முதுமையடைவதால் தயாரிப்பாளர்கள் 15 ஆண்டுக்கு மேல் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எனவே 20 ஆண்டு வாக்குக்கு இரண்டே வழி. முடிந்த இடங்களில் ஃபிலிம் கெப்பாசிட்டர், அல்லது 12-ஆவது ஆண்டில் மாற்ற வேண்டும் என்று கையேட்டில் எழுதிவிடுவது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல், மின்வழியில் நேரடியாகப் போடும் எக்ஸ்2 வகைக் கெப்பாசிட்டர் வழியாக மின்சாரம் எடுக்கிறீர்களானால், சாதாரண எக்ஸ்2 சில ஆண்டில் மதிப்பிழந்து ரிலே இழுக்காமல் போகும். 85 டிகிரி, 85 சதவீத ஈரத்தில் 1000 மணி நேரம் தேறிய வகையையே வாங்குங்கள்.

20 ஆண்டு என்று கையெழுத்துப் போடுமுன் பத்து போர்டைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். 0-இலிருந்து 100 டிகிரி, இரு முனையிலும் 10 நிமிடம், ஒரு சுழற்சி 40 நிமிடம் என்றால் 1000 சுழற்சிக்கு 28 நாள் ஆகும். சாக் கலவைக்கு வழக்கமாக எடுக்கும் 2.65 அடுக்கின்படி (100/40-இன் 2.65 அடுக்கு), களத்தின் 40 டிகிரி ஏற்ற இறக்கத்துக்கும் சோதனையின் 100-க்கும் உள்ள வித்தியாசம் 11 மடங்கு. களத்தில் நீண்ட நேரம் சூடாக இருப்பது இதைக் குறைக்கும், உச்ச வெப்பம் தாழ்வாக இருப்பது கூட்டும், இரண்டும் ஏறக்குறைய ஈடாகிவிடும். 20 ஆண்டில் நாளுக்கொரு ஏற்ற இறக்கம் 7,300. ஆகவே 1000 சுழற்சி பழுதின்றித் தாண்டினால் கையில் கொஞ்சம் மிச்சமும் இருக்கிறது. முடிந்ததும் இரண்டு போர்டை ரிலே கால், டெர்மினல் பிளாக், பெரிய செராமிக் ஆகிய இடங்களில் குறுக்காக வெட்டி, மெருகேற்றி நுண்ணோக்கியில் பாருங்கள். மின்சோதனையில் தேறிய இணைப்பிலும் பாதிவரை விரிசல் ஓடியிருக்கும். அந்த விரிசலின் நீளத்தையும் வாடிக்கையாளரிடம் கொடுங்கள், மறைக்க வேண்டாம். சோதனை அறிக்கை, உதிரிபாகச் சான்றுகள், விலக்கு எண்கள், பாத் ஆய்வுத் தாள்கள் எல்லாம் ரோஸ் ஆவணங்களுக்கான ஈஎன் 63000 தரப்படியான ஒரே கோப்பில் சேரும். போர்டைத் தனியாக விற்றாலும் ஐரோப்பிய விதிகளுக்கு ஏற்றது என்று காட்டும் சிஇ முத்திரையைப் பம்பில் இடுபவருக்கு அந்தக் கோப்பு தேவைப்படும். கடைசிச் சரக்கு சந்தைக்குப் போன நாளிலிருந்து 10 ஆண்டு அது பத்திரமாக இருக்க வேண்டும்.